தன்மை ஒருமை

அந்தால்யா நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவளுக்கு
ஒரு விதி உண்டு:
அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்று சொல்ல வேண்டும்.
"அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று
ஒதுங்கி நிற்கக் கூடாது.

இந்தப் பதினோரு வருடத்தில்
நான் குடித்துவிட்டு ஸ்கூட்டரைத் தர்பூசணிக் கடைக்குள் விட்டிருக்கிறேன்.
போலீஸ்காரரின் தொப்பியைப் பிடுங்கித்
தலையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.
பறக்கவிடக் கூடாத இடத்தில் டிரோன் விட்டிருக்கிறேன், இருமுறை.
எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரியாது என்றேன்.
விடுமுறைக்கு வந்தேன் என்றேன்,
விடுமுறை ஒரு நாடு போலவும்
அதன் பாஸ்போர்ட் என் பையில் இருப்பது போலவும்.

செப்டம்பரில் நான் வவுட்டர் ஃபெர்லிண்டன்.
வயது அறுபத்து மூன்று. பெல்ஜியத்தில்
குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவன்.
மூன்றாம் மாடி அறை. பால்கனிக் கதவு
காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, மனைவிக்குத் தூக்கமில்லை.
கடற்கரைக்குப் பின்னால், வயலோரத்தில்
ஒரு கல் கிடந்தது. எடுத்து வந்து முட்டுக்கொடுத்தேன்.
பன்னிரண்டு இரவு கதவு வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்தின் எக்ஸ்ரே திரையில்
ஈரத் துண்டுக்குள் கல் மட்டும் கறுப்பாக.
கழுவிப் பார்த்தார்கள். ஒரு பக்கம்
உளி பட்ட இலை, பாதி.

"நாங்கள் பெட்டியில் வைத்தோம்" என்றார்.
அப்படியே சொன்னேன்.
நீதிபதி பேனாவை நிறுத்தினார். நாங்கள் என்றால்?
வவுட்டர் தரையைப் பார்த்தார், ஓடுகளின் இடைவெளியை.
பிறகு, "இல்லை. நான்."
அந்த இடைவெளியை எப்படி மொழிபெயர்ப்பது?
அதே அளவுக்கு மௌனமாக இருந்தேன்.
"நான்" என்றேன்.
சோற்றில் கடிபட்ட கல் போல இருந்தது.

அரசு வழக்கறிஞர் சட்டத்தை வாசித்தார்,
ஐந்து ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை.
எண்களை மொழிபெயர்ப்பது சுலபம் என்று யார் சொன்னது?
நான் சொல்லி முடித்ததும் அவர்
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
அது விதிக்குப் புறம்பு. விடவில்லை நானும்.

மனைவி குறித்த நாளில் விமானம் ஏறினார்.
அவருக்குப் பயணத் தடை,
திங்கள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்து.
அக்டோபர் கடைசியில் ஓட்டல்கள் மூடின.
நீச்சல் குளத்தை வடித்துவிட்டார்கள்.
குடைகள் கட்டப்பட்ட கடற்கரையில்
அவருடைய விடுமுறை மட்டும் முடியவே இல்லை.

ஷுக்ரியே ஹானிமின் மலிவு விடுதிக்கு மாறினார்.
அங்கே குளியலறையில் நான்கு ஓடுகள் பெயர்ந்திருந்தன.
சிமெண்டு மட்டும் வாங்கித் தாருங்கள்
என்று எனக்கு ஃபோன் செய்தார்.
வேண்டாம், அனுமதியில்லாமல் வேலை செய்தால்
அது வேறு வழக்கு என்றேன்.
தினமும் காலையில் அந்த நான்கு ஓடுகளையும்
காலால் நேராக்கி வைத்துவிட்டுக் குளித்தாராம்.

டிசம்பரில் தீர்ப்பு.
நிபுணர் அறிக்கை: ரோமானியர் காலம், கூரை விளிம்பின் துண்டு,
இரண்டு கிலோ நூறு கிராம்.
தண்டனை நிறுத்திவைப்பு. அபராதம். கல் அருங்காட்சியகத்துக்கு.
"நன்றி" என்றேன் நீதிபதியிடம், அவருக்காக.
வாசலில், "இனி அங்கே என்ன செய்வார்கள் அதை?" என்று கேட்டார்.
எண் போட்டு அலமாரியில் வைப்பார்கள் என்றேன்.
"கதவு?" என்றார்.
எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

கடைசி மினிபஸ்ஸில் ஊர் திரும்பினேன்.
எங்கள் கோழிக்கூட்டுச் சுவர்
அப்பா கட்டியது, வயலில் கிடைத்ததை வைத்து.
கீழிருந்து மூன்றாம் வரிசையில்
தலைகீழாக ஒரு இலை, முழுசாக,
சுண்ணாம்புக்கு அடியில்.
சின்ன வயதில் அதை மீன் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சுவரைப் பற்றி
எந்த மேசையும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டால் எந்த நான், எந்த நாங்கள்?

இருட்டுவதற்குள் கோழிகளை அடைத்தேன்.
இந்த வழக்குக்கான கூலி
இன்னும் வரவில்லை.