ஒன்பதாம் நாள்: குகை

டில்லி ஆபீஸ் அச்சடித்த அட்டவணையில்
ஒன்பதாம் நாள் இப்படி:
காலை, தாராசுரம்.
மதியம், குகை.
மாலை, பட்டுத்தறி, ஷாப்பிங், காபி.

கும்பகோணத்தைச் சுற்றி
எட்டுத் திசையிலும் ஒரு குன்று இல்லை.
வேறெந்த ஊரின் குகையோ
தட்டச்சில் நழுவி
எங்கள் ஊரில் விழுந்துவிட்டது.

பதினோரு பேர். எல்லோருக்கும் தொப்பி.
அஜந்தா முடித்து, எல்லோரா முடித்து,
மாமல்லபுரத்து வெயிலில்
மூக்குத்தோல் உரிந்து வந்திருக்கிறார்கள்.
"மிஸ் ரெஜினா, குகை எத்தனை மணிக்கு?"
கேட்பவர் மொரேல், எழுபத்து மூன்று வயது.
முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர்.
வேனில் ஏறினாலும்
கூரையை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

நான் பிரெஞ்சில் சொல்லும் பொய்கள் அழகானவை.
"சற்று நேரத்தில்" என்பது அதில் ஒன்று.

தாராசுரத்தில்
யானை உடம்பை மறைத்துக் காளை காட்டினேன்.
காளை உடம்பை மறைத்து யானை காட்டினேன்.
உடம்பு இரண்டு, தலை ஒன்று.
பதினேழு வருடமாக அதே கல்லில் அதே உள்ளங்கை;
வியக்கிற முகங்கள்தான் வேறு வேறு.
படிகள் பாடும் என்றேன்.
கம்பிக் கதவுக்குள் அவை சும்மா இருந்தன.

மொரேல் தேர்ச்சக்கரத்தைப் பார்க்கவில்லை.
சுவரின் அடிவரிசையில் கையை வைத்து
நாடி பிடிக்கிறவர்போல் நின்றார்.
"இது இந்த ஊர்க் கல் இல்லை."

தெரியும். அது என் நான்காவது பத்தி.
'கற்கள் வெகுதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்டன.'
நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறேன்.
ஒருநாளும் அதன் கனம்
என் நாக்கில் ஏறியதில்லை.

டிரைவர் பக்கிரிசாமியிடம் கேட்டேன்.
"நாய அடிக்க ஒரு கல்லு கெடைக்காத சீமையில
குகைக்கு எங்கம்மா போறது?
கல்லக் கண்டா நாயக் காணோம்,
நாயக் கண்டா..." என்று இழுத்து
அவரே சிரித்துக்கொண்டார்.
என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்றார்கள் பதினோரு பேரும்.
நாய் வரைக்கும் மொழிபெயர்த்தேன்.
கல்லுக்கு வந்தபோது
பிரெஞ்சு தீர்ந்துவிட்டது.

தை மாதம்.
ரோட்டின் பாதியில் நெல் காய்ந்தது.
வேன் அதன்மேல் ஏறிப் போக
டயருக்கடியில் சரசரவென்று ஒரு முணுமுணுப்பு.
காலால் கோடு கோடாக நெல் கிளறியவள்
நிமிர்ந்து திட்டவில்லை,
வழியும் விடவில்லை.

நிறுத்தச் சொல்லி, அறுத்த வயலில் இறங்கினார் மொரேல்.
மடக்குக் கத்தியை விரித்தார். மண்டியிட்டார்.
முழங்கை ஆழம் தோண்டினார்.
களிமண்.
களிமண்.
ஒரு நத்தை ஓடு.
களிமண்.
விரலால் பிசைந்து பிசைந்து பார்த்தும்
ஒரு பரல் அகப்படவில்லை.
"இதன்மேல் எப்படி நிற்கிறது அது?"

என்னிடம் அதற்குப் பத்தி இல்லை.

பக்கத்து ஊரில் பலகைகூட இல்லாத ஒரு சிவன் கோயில்.
நடைசாத்தும் நேரம்.
சாம்பமூர்த்தி குருக்கள் சாவிக்கொத்தோடு
"அஞ்சு நிமிஷம்தான்" என்றார்.
என் சிலுவை ரவிக்கைக்குள் இருப்பது அவருக்குத் தெரியும்.
மண்டபத்தோடு நின்றுகொள்வேன் என்பதும் தெரியும்.

வெளியே கண்ணைக் குத்தும் தை வெயில்;
உள்ளே போகப் போக
கூரை இறங்கியது, சுவர் நெருங்கியது,
வௌவால் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம்.
கடைசியில்
எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாத தூரத்தில்
ஒரே ஒரு சுடர்.

மொரேல் தொப்பியைக் கழற்றினார்.
கை தானாக உயர்ந்து கூரையைத் தட்டப் போனது,
பிறகு வேண்டாமென்று தூணில் இறங்கியது.
"இதோ" என்றார். யாரிடமும் இல்லை.

மலை இருந்தவர்கள் குடைந்துகொண்டு உள்ளே போனார்கள்.
சேற்றில் இருந்தவர்கள்
இந்த இருட்டுக்காகவா
இத்தனை கல் இழுத்தார்கள்?
பதினேழு வருடத்தில்
முதல்முறையாக எனக்கு
என்ன பேசுவதென்று தெரியவில்லை.
ஐந்து நிமிஷம் பத்தாயிற்று.
குருக்கள் சாவியை ஆட்டவில்லை.

ராத்திரி டில்லியிலிருந்து போன்.
"ஸாரி மேடம், அச்சுப்பிழை. குகையை எடுத்துவிடுகிறோம்."

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.
பன்னிரண்டரைக்கு
நடை சாத்திவிடுவார்கள்.