ஆறு இலக்கம்

முன்பல் மூன்றும் போன பிறகு
சிரிக்க முந்தானை தேவைப்பட்டது.
கட்டிக்கொள்ளப் பணம் உண்டு,
என் பணம்தான்,
இருபத்திரண்டு வருடம் சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதி.
அது இப்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதாம்.

"ஆன்லைனில் போடு" என்றார் எஸ்டேட் கிளார்க்,
பக்கத்து அலமாரியைக் காட்டுவதுபோல.
சேரம்பாடிக் கடைத்தெருவில் ஒருவர் முந்நூறு கேட்டார்,
பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.
ஒரு நாள் கூலியை விட்டுக் கூடலூர் போனேன்.
சர்வர் இல்லை என்றார்கள்,
லீவில் போன ஆளைச் சொல்கிற மாதிரி.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்
தவமணிதான் சொன்னாள்:
"கீழ்முக்கு ஷெமீராகிட்ட கேட்டியா?"
தினமும் தாண்டிப் போகிற கடை.
முட்டையும் ரீசார்ஜும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஷெமீரா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.
மவுஸை என் கையில் வைத்தாள்.
"நீங்களே பிடிங்கக்கா. நான் இல்லாத அன்னிக்கி என்ன செய்வீங்க?"
அம்புக்குறி ஓடியது,
கவாத்து வெட்டின மலையில் முயல் ஓடுகிற மாதிரி
எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாமல்.

நான் இயந்திரம் இல்லை என்று காட்டச் சொன்னது.
சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தொடு என்றது.
எங்கள் பக்கம் விளக்கும் இல்லை, சிக்னலும் இல்லை.
அதை மட்டும் அவள் தொட்டாள்.

பிறகு விரல் வைக்கச் சொன்னது.
ரேகையைக் கொழுந்து தின்று நாளாயிற்று.
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.
பத்தையும் தெரியாது என்றுவிட்டது.

அப்படியானால் ஓடிபி.

ஓடிபி வருவது போனுக்கு.
போனுக்கு டவர் கிடைப்பது தண்ணித்தொட்டி மேட்டில்.
கம்ப்யூட்டரோ வயரைக் கட்டிக்கொண்டு கீழே கிடக்கிறது.
பத்து நிமிஷம்தான் அந்த எண்ணுக்கு உயிர்.
முதல் நாள் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்,
வாசல்படியில் செத்துவிட்டது.
அடுத்த நாள் பாதையில் யானை.
பலாப்பழத்தை நிதானமாகத் தின்றது.
அதற்கு எந்த ஆபீசிலும் வேலை இல்லை.

வியாழக்கிழமை எங்கள் செட்டு
மேட்டுக்கும் கடைக்கும் நடுவில் நெரை பிடித்திருந்தது.
யார் யோசனை என்று இன்னும் சண்டை.
நான் மேலே நின்று "நாலு!" என்று கத்தினேன்.
தவமணி வாங்கிக் கத்தினாள், ரோசலின் வாங்கினாள்,
கூடை கூடையாய் இறங்கிக்
கடை வாசலில் நின்ற ஷெமீராவின் தம்பியிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது அஞ்சு.
பல்லில்லாத அஞ்சு வெறும் காற்று.
"ஒண்ணா?" என்றது ஒரு நெரை.
"எட்டா?" என்றது இன்னொன்று.
மறுபடி கத்தினேன், மறுபடி காற்று.
மஞ்சு வேறு தொட்டியைத் தாண்டிக் கீழே வருகிறது.

கையைத் தூக்கி
ஐந்து விரலையும் விரித்தேன்.

"அஞ்சு!" என்றாள் தவமணி.
"அஞ்சு! அஞ்சு!" என்று மலை இறங்கியது.
சைபருக்கு முட்டி மடக்கினேன்.
திரும்பவும் ஒரு அஞ்சு, அப்புறம் ஏழு,
கடைசி இரண்டுக்குள் கங்காணியும் கத்தத் தொடங்கியிருந்தார்.

எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்ததாம்.
யாரிடமும் பகிர வேண்டாம் என்று.
ஷெமீரா பிறகு வாசித்துக் காட்டினாள்.
பதினான்கு பேர், ஒரு கங்காணி.

பணம் இன்னும் வரவில்லை.
"பரிசீலனையில்" என்று இருக்கிறது.
செவ்வாய்க்கிழமைகளில் ஸ்டூலில் உட்கார்ந்து
நானே திறந்து பார்க்கிறேன்.
அம்பு இப்போது அவ்வளவாக ஓடுவதில்லை.

அடுத்து ரோசலின்.
ரேஷன் கார்டில் பேரன் பெயர் சேர்க்க வேண்டுமாம்.
மேட்டில் யார் நிற்பது என்று பேச்சு வந்தது.
நான் நிற்கிறேன் என்றேன்.
"நீ வேண்டாம் தாயி" என்கிறாள்,
"அஞ்சு வந்தா போச்சு."