சட்டை போட்ட மாடு

ஏழரைக்கு நான் உள்ளே வர, தவமலர் வெளியே போவாள்.
கதவிடுக்கில் எங்கள் குடும்பம் முழுதாக இருப்பது
ஒரே ஒரு நிமிடம்.
"பசியாறிட்டா. மூக்கு ஒழுகுது. பசையத் தின்ன விடாதீங்க."
பதினாலாம் மாடியிலிருந்து லிப்ட் இறங்கும்.

இனி மதியத் தூக்கம் வரை
லோஷினியும் நானும்.
ராத்திரி முழுக்க பாயான் லெப்பாஸ் ஆலையில்
மயிரிழைக் கம்பிகளை
நுண்ணோக்கி வழியே எண்ணிவிட்டு வந்தவன்
இப்போது எண்ணுவது பச்சைப்பயறு.
"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு."
சரிதான்.
அஞ்சு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

நூலகத்தில் எடுத்த மலாய்ப் புத்தகம்.
தெனோக் குட்டி ஒன்று
தொலைந்த தன் கோடுகளைத் தேடிக் காடெல்லாம் அலைகிறது.
பிறந்தபோது மேலெல்லாம் கோடும் புள்ளியும்;
வளர வளர அழிந்து
முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை.
கண் மலாயில் ஓடும், வாய் தமிழில் ஓடும்,
தெனோக் வந்ததும் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும்.
தமிழில் அதற்கு என்ன பெயர்?
ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தேன்.
யானை வந்தது, மயில் வந்தது,
இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத சிங்கம் வந்தது.
நம் காட்டுத் தெனோக் மட்டும் வரவில்லை.

அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள்.
"மாடு. சட்ட போத்த மாடு."
அன்றிலிருந்து அதுதான் பெயர்.

கதை மூடினால் கைவேலை.
முட்டை அட்டையில் வெட்டிய நாலு கால்.
டிஷ்யூ சுற்றிய உருளை உடம்பு.
என் கறுப்புக் காலுறையின் கட்டைவிரல் ஓட்டை
அதன் மூக்குக்கென்றே கிழிந்ததுபோல் இருந்தது.
தரையில் நீல டேப் ஒட்டினேன்: ஆறு.
இக்கரையில் சோபா, அக்கரையில் குளிர்பெட்டி,
துணிக்கிளிப்பெல்லாம் முதலை.
அழுத்தித் திறந்தால் விரலுக்குப் பலம் என்று
யாரோ சொல்லக் கேட்டது.
முதல் முதலை என் காதைக் கடித்தது.

மைதாவில் பசை காய்ச்சினேன். பஞ்சு கொடுத்தேன்.
"மாட்டுக்கு வெள்ளைச் சட்டை ஒட்டு, கண்ணு."
அவள் பஞ்சை ஆற்றில் விட்டாள்.
பசையை நக்கினாள்.
நான் அதைப் பார்க்கவில்லை என்று
நானே முடிவு செய்துகொண்டேன்.
மூன்று காலோடு கவிழ்ந்து கிடந்தது குட்டி.
பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எழுதி வைக்கிறவர்கள்
நைட் ஷிப்ட் போனதில்லை போல.

ஆற்றோரம் கொஞ்சம் சாய்ந்தேன்,
கதையை மட்டும் விடாமல்:
குட்டி போய்க் குரங்கிடம் கேட்டுச்சாம்…
குட்டி போய் மரத்திடம்…
குட்டி போய் மூணாம் நம்பர் மெஷினை நிறுத்தி…

விழித்தபோது சத்தமில்லை.
ரெண்டரை வயசு இருக்கிற வீட்டில்
அதைவிடப் பெரிய சத்தம் கிடையாது.
துள்ளி எழப் போனேன். வயிறு இழுத்தது.

கறுப்பு டி-சட்டை, கறுப்புக் கால்சட்டை,
நடுவே, தொப்புளைச் சுற்றி,
ஒரு முழுச் சுருள் பஞ்சு.
கடைசித் துண்டை இரண்டே விரலால் கிள்ளி எடுத்து
வைத்து, அழுத்தி, மறுபடி அழுத்துகிறாள்,
நாக்கு நுனி வெளியே.
ஒரு மாதமாக நான் சொல்லிக் கொடுத்து வராத அந்தப் பிடி.

"ஆடாத, மாடு."

ஆடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பாலம் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.
தொழுவத்தில் நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.
பசை காய்ந்தது, சட்டை போனது,
தவமலர் வந்து என்ன சொன்னாள் என்பது
இங்கே எழுத வேண்டாம்.

இரவு, ஆலை.
வெள்ளை உடுப்புக்குள் புகுமுன்
உடம்பில் ஒரு தூசி, ஒரு நூல் இருக்கக்கூடாது.
தலையுறையைக் கையில் வைத்துக்கொண்டு
ஹஃபிஸ் என் காதோரம் உற்றுப் பார்த்தான்.
"ஆப்பா நி?" என்றான். இது என்ன என்று.

அந்தக் கேள்வியில்
எனக்கு என் பெயர்தான் கேட்டது.

"தெனோக்," என்றேன்.
பஞ்சைப் பிய்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு
முதலிலிருந்து மறுபடி கை கழுவப் போனேன்.