லாபம், ரெண்டு, மூணு

விடுப்புக் கடிதத்தில் சால்சா விழா என்றுதான் எழுதினேன்.
கண்காணிப்பாளர் அமிர்தகடேசன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
"சம்பாவைத் தப்பா எழுதியிருக்கேம்மா" என்று
சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார்.
ஆக, அரசு ஏட்டின்படி
ஆடி மாதம் நான் பெங்களூர் போனது
சம்பா விழாவுக்கு.

மயிலாடுதுறை மைசூர் வண்டி. பக்கவாட்டு மேல் படுக்கை.
தலைக்கடியில் துணிப்பை, அதற்குள்
தெருவை மிதிக்காத ஒரு ஜோடி ஷூ.
நடுராத்திரி ஈரோட்டுப் பாலத்தில் இறங்கி நின்று பார்த்தேன்,
கதவோரம், கம்பியைப் பிடித்தபடி.
மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர்
இருட்டில் எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.
நான் அது வந்த வழியில்.
வடுவூர் வாய்க்காலுக்கு அது வந்து சேரும்போது
நான் ஊரில் இருக்க மாட்டேன்.

ஓட்டலின் நிலவறையில் முந்நூறு பேர்.
முதல் ராத்திரி பதினோரு பாட்டுக்குச் சுவரைத் தாங்கினேன்.
பன்னிரண்டாவதற்குக் கை நீட்டியவர் கௌஹாத்திக்காரர்.
உள்ளங்கை ஈரம் எப்படியும் பதினேழு சதவீதத்துக்கு மேல்.
நெல்லாக இருந்தால்
காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.
ஆடினோம்.

ஆவணியில் கொழும்பு. பாஸ்போர்ட் இல்லை.

புரட்டாசி, ஐப்பசி குறுவைக் கொள்முதல்.
கோவாவில் அவர்கள் கடற்கரையில் ஆடிய வாரம்
தார்ப்பாய்க்கு மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தேன்.
மழை கணக்குத் தப்பாமல் அடித்தது,
நடுவில் எங்கும் நிறுத்தாமல்.

நீடாமங்கலம் கல்யாண மண்டபத்தில்
முகூர்த்தம் இல்லாத நாட்களில் பயிற்சி,
பந்தி மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு.
சாம்பார் காய்ந்த தரையில் சுழல்வது
வழுக்கும் என்று நினைப்பீர்கள், ஒட்டும்.
அன்வர்தீன் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கப்பல் பட்டறையில் இருந்தவர்,
சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டது.
ஒன்று இரண்டு மூன்று, நாலில் நில்.
ஐந்து ஆறு ஏழு, எட்டில் நில்.
அவருக்கு இரண்டில் தொடங்க வேண்டும், எனக்கு ஒன்றில்.
பாதி நேரம் இந்தச் சண்டையில் போகும்.
ஊர் சொல்வதை ஊர் சொல்லட்டும்.
போனில் படம் பிடிக்கும் அவர் மனைவி ஜுனைதா சொல்வதுதான் சுடும்:
"தோளைத் தூக்காதே, குடம் தூக்கற மாதிரி இருக்கு."

கார்த்திகையில் கொச்சி. புயல், ரயில் ரத்து.
நாலு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது
கடைசி இரவின் கடைசி நாற்பது நிமிடம் மிச்சம்.
தலை துவட்டாமல் ஆடினேன்.
யாருடன் என்று ஒரு முகமும் நினைவில்லை,
ஒருவர் மட்டும் என் ஈரச் சட்டையில் கை வைக்கத் தயங்கி
காற்றில் வைத்தே வழி நடத்தினார்.
பாலக்காட்டில் கொப்புளம் உடைந்தது.
அங்கே வாங்கிய பஞ்சு இன்னும் பையில் இருக்கிறது.

தை முடிந்து மாசி. உண்மையான சம்பா இப்போதுதான்.
பங்குனிச் சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸில்
டிக்கெட் போட்டாயிற்று: காத்திருப்போர் பட்டியல், எட்டு.

களத்தில் வைரக்கண்ணு மூட்டை ஏற்றுகிறார்.
ஒன்று என்று அவர் வாயில் வராது,
லாபம் என்றுதான் தொடங்குவார்.
லாபம், ரெண்டு, மூணு என்று அவர் பலகையில் ஏற,
அஞ்சு, ஆறு, ஏழு என்று நான் பேரேட்டில் எழுதிவிட்டேன்.

"நாலு எங்கேம்மா?"

வேறெதுவும் தோன்றாமல்
"நாலு மூச்சு விடற இடம்ணே" என்றேன்.

நாற்பது கிலோவை முதுகில் வைத்தபடி
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"இதை வச்சிக்கிட்டா?"

அடித்துத் திருத்தினேன், சிவப்பு மையில்.

அடுத்த நடையில் லாபம், ரெண்டு, மூணு,
பலகையின் பாதியில் அவர் நின்றார்.
வேட்டியை இறுக்கிக்கொள்ளவா, கேலிக்கா, தெரியவில்லை.
பலகை ஒரு தரம் ஆடி அடங்கியது.
அப்புறம் அஞ்சு, ஆறு, ஏழு.
எட்டில் நிற்கவில்லை,
லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.