முழுசா அணையவிடாதீங்க

முதலில் அழுத்தினால் கேட்டது.
அப்புறம் நகத்தால் நெம்பினால்.
ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
பொத்தான் உள்ளே போனது,
திரும்பி வரவில்லை.

கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
டோக்கன் கிழிக்கிறவளின் போன் அது.
எந்நேரமும் ஈரக் கை, உப்பு, செதில்.
இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் தமீம்
கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்துவிட்டு
"ஸ்ட்ரிப்பே போச்சுக்கா. தொள்ளாயிரம் ஆகும்,
போனே இப்ப அவ்வளவு போகாது" என்றான்.
காசு வாங்காமல் ஆப் ஏற்றிக் கொடுத்தான்.

கண்ணாடி மேல் ஒரு வெள்ளை வட்டம்,
பழைய எட்டணா அளவு.
தொட்டால் போன் தூங்கும்.
எழுப்ப, எதிரே கையை வீசினால் போதும்,
ஈ ஓட்டுகிற மாதிரி.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க.
முழுசா அணையவிடாதீங்க.
அணைஞ்சா ஆப்பும் சேர்ந்துதான் அணைஞ்சிருக்கும்."

ஆப் அனுமதி கேட்டது.
திரையைப் பூட்டலாமா,
எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கலாமா,
நீங்கள் தொடுவதையெல்லாம் கவனிக்கலாமா.
பதினோரு வருஷத்தில் மேஸ்திரி
இப்படி ஒன்றும் கேட்டதில்லை.
எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

முந்தானை பட்டால் விழிக்கிறது.
காய்கறிப் பையில் போட்டால்
கத்திரிக்காய்க்கும் விழிக்கிறது.
சம்பந்தியம்மாளை மூன்று முறை
கூப்பிட்டிருக்கிறது கத்திரிக்காய்.

ஒருநாள் வந்த செய்தியில் பார் 17.
வட்டம் ஏழின்மேல் உட்கார்ந்திருக்க
ஒற்றைப் பாரை ஏற்றி அனுப்பினேன்.
போட்டிலிருந்து அவர்கள் கத்தியதை
இங்கே எழுத முடியாது.

எங்கள் கிரஷருக்கும் பச்சைப் பொத்தான் கிடையாது.
வேலாயுதம் ஸ்க்ரூடிரைவர் செருகித்தான் ஓட்டுகிறார்.
சிவப்பு நன்றாக இருக்கிறது,
அதுவரைக்கும் சரி.

கட்டைவிரலுக்கு மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை.
மூன்று மாதமாகியும்
ஓரத்துப் பள்ளத்தைத் தேடிப் போகிறது,
அழுத்துகிறது,
அழுத்திக்கொண்டே கொஞ்சம் காத்திருக்கிறது.

கார்த்திகையில் காற்று சுழன்றடித்தது.
மூன்று நாள் கரன்ட் இல்லை.
ஐஸ் கரைந்து உப்பனாற்றுக்கே போனது.
இருபத்தொன்று. பதினான்கு. ஒன்பது.
யாருக்கும் பேசவில்லை.
அருள்செல்வியிடம், "கொசுவை விரட்டாதடி,
அதுக்கும் முழிச்சுக்கும்" என்றேன்.
கடித்தால் கடிக்கட்டும் என்று
இருட்டில் அசையாமல் கிடந்தோம் தாயும் மகளும்.

இரண்டில் இருக்கும்போது கண் அயர்ந்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் கறுப்பு.
கையை வீசினேன். விசிறி மாதிரி வீசினேன்.
கறுப்புக் கண்ணாடிக்குள் ஒருத்தி
யாரையோ பஸ் ஏற்றிவிட்டவள் போல
கையசைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிப் போட்டிருந்த போட்டில்
டிரைவர் சூசைராஜ் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்.
ஆளுக்குப் பத்து நிமிஷம், நீள வரிசை.
என் முறை வந்து செருகினேன்.
பேட்டரிப் படம் மட்டும் வந்தது,
போன் வரவில்லை.

"என்னுதும் இப்படித்தான்" என்றாள் பின்னால் நின்றவள்,
சோனங்குப்பத்துக்காரி, பேர் கேட்கவில்லை.
"சத்தம் குறைக்கிற பட்டனையும் வீட்டுப் பட்டனையும்
அமுக்கிப் புடிச்சிக்கிட்டே ஒயரைச் செருகு.
பயமுறுத்துற மாதிரி ஒண்ணு வரும்.
வேணாம்னு சொல்லு.
வேணாம்னாதான் எழுந்திரிக்கும்."

வந்தது. இங்கிலீஷில், மஞ்சள் முக்கோணத்தோடு,
தொடரலாமா என்று.
வேண்டாம் என்றேன்.
வாய்விட்டும் சொன்னேன் போலிருக்கிறது,
சூசைராஜ் திரும்பிப் பார்த்தார்.

எழுந்தது.
வட்டமும் வந்தது, விட்ட இடத்துக்கே.
முதல் செய்தி மேஸ்திரியிடமிருந்து.
நாளைக்குக் கம்பெனி திறக்கிறது, காலையில்
எத்தனை மணி என்பதன் மேல்
வட்டம் உட்கார்ந்திருந்தது.

உடனே நகர்த்தவில்லை.
பத்து நிமிஷத்தில் இன்னும் நாலு பாக்கி இருந்தது.