முப்பது அடி குறைய

பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால்
தொடங்குகிறது மலை.
ஒன்பது வருஷமாய் அதைக் கண்ணாடியில் பார்த்து
ரிவர்ஸ் எடுத்திருக்கிறோம், ஒஃபேலியாவும் நானும்.
ஏறியதில்லை.

அரிசோனாவில் பிப்ரவரி. சனிக்கிழமை.
விடிய இன்னும் இரண்டு மணிநேரம்.
ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்,
இரண்டு ஆரஞ்சு, ஒரு சீப்பு.
சீப்பு தலைக்கு இல்லை.
இங்கே ஒரு கள்ளி, தாவும் கள்ளி என்றே பேர்.
உரசினால் போதும், துண்டாய்க் கழன்று வந்து
ஆடுசதையைக் கவ்வும்.
கையால் எடுத்தால் கையைக் கவ்வும்.
சீப்பை அடியில் கொடுத்துச் சுண்ட வேண்டும்.
முதல் மைலுக்குள் இரண்டு முறை சுண்டினேன்.
ஒஃபேலியா வசவை ஸ்பானிஷில் தொடங்கி
ஆங்கிலத்தில் முடித்தாள்.

வெளிச்சம் வந்தபோது முகட்டில் இருந்தோம்.
முகடு என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை,
மெலிந்த மாட்டின் முதுகெலும்பு.
இந்தப் பக்கம் சரிவு. அந்தப் பக்கமும் சரிவு.
நடுவில் ஒரு பூட்ஸ் அகலம்.
துருவேறிய கற்கள்,
மிதித்தால் பீங்கான் சத்தம்.
ஆட்டுப்புழுக்கை கிடந்தது, காட்டாட்டைக் காணோம்.
பாறையிடுக்கில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கேன்,
வெயிலில் நொறுங்கி, அடியில் கொஞ்சம் மணல்.
தெற்கிலிருந்து யாரோ சுமந்து வந்தது.
தூங்குகிறவரைத் தாண்டுவதுபோல்
தாண்டிப் போனோம்.

உச்சி என்று நினைத்தது உச்சியில்லை.
அடுத்ததும் இல்லை.
மூன்றாவதைப் பார்த்து ஒஃபேலியா சிரித்தாள்:
"நம்ம டிப்போ மாதிரிதான்.
எவனைப் பார்க்கப் போனாலும்
மேலே இன்னொருத்தன் இருக்கான்."

பிறகு, நிஜ உச்சிக்கு முப்பது அடி கீழே,
உட்கார்ந்துவிட்டாள்.
காலா, என்றேன். இல்லை.
மூச்சா. இல்லை.
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.
"அங்கே நின்னா எல்லாப் பக்கமும் தெரியும்.
அதுல ஒரு பக்கம் எனக்கு வேண்டாம்."

வழியெல்லாம் அவள் பக்கவாட்டில் பார்க்கவேயில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

தனியாக ஏறினேன்,
கை வைத்து, முழங்கால் வைத்து.
கற்குவியலுக்குள் ஒரு தகரப் பெட்டி,
உள்ளே நோட்டு, யாரோ கடித்த பென்சில்.
வடக்கே சாலை, அதில் ஒரே ஒரு லாரி.
மேற்கே மூடிப்போன தாமிரச் சுரங்கம்,
பல் பிடுங்கிய ஈறு.
தெற்கே எல்லைச் சுவர், சன்னமான கோடு.
கிழக்கே ஊர், தண்ணீர்த் தொட்டி,
சிலுவைகள், மஞ்சள் பொட்டுகளாய் எங்கள் வண்டிகள்.
ஒன்பது வருஷம் ஒரே ஃபிளாஸ்க்கில் காப்பி குடித்திருக்கிறேன்.
எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
இரண்டு பேர். முப்பது அடி குறைய.

இறங்கியபோது ஆரஞ்சை உரித்து வைத்திருந்தாள்.
"என்ன தெரிஞ்சது?"
"ஒரே புழுதி," என்றேன். "ஒண்ணும் தெரியல."
காற்றே இல்லாத காலை.
கழுவித் துடைத்த கண்ணாடியாய் வானம்,
இருவர் தலைக்கும் மேல்.
"அப்படியா," என்றவள்
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள்.