முக்கால்

எங்கள் வீட்டில் கதிரையில் இருக்கமுன்
மூன்று தரம் தட்ட வேண்டும்.
காஸ் சிலிண்டர் தூக்கிவந்த பொடியன் பார்த்துவிட்டு
"சாமிக் கதிரையோ அக்கா?" என்று கேட்டான்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கடல் தெரியும் என்று சொல்லித்தான் வாடகை பேசினார்கள்.
தெரிகிறது, சமையலறைக் கம்பிக்குள்ளால்,
ஒரு சாண் அகலத்தில்.
ரயில் போகும்போது தட்டில் கிளாஸ்கள் தங்களுக்குள் கதைக்கும்.

சாயும் கதிரை, வின்சன்ற் குடும்பம் மெல்பேர்ண் போகையில்
பாதி விலைக்குத் தந்தது.
பழுப்புத் தோல். வலப்பக்கம் ஒரு பிடி.
இழுத்தால் கால் எழும்பும், முதுகு தாழும்.
முழங்கால் ஒப்பரேஷன் முடிந்த நேசராசா
அரசரைப் போல் அதில் கிடந்து செய்தி பார்ப்பார்.

சதம் வந்தது ஐப்பசி மழையில்,
யாரோ ஒருவரின் முச்சக்கர வண்டிச் சீற்றுக்கு அடியில் இருந்து.
நெற்றியில் ஒற்றைப் புள்ளி,
பழைய இருபத்தைந்து சதக் காசு அளவு.
நிறுத்துப் பார்த்தால்
ஒரு கறுத்தக்கொழும்பான்.

கவனமாகத்தான் இருந்தோம்.
பல்கனிக்கு வலை கட்டினோம்.
சலவை மெஷின் மூடியில் அம்மிக் குழவியை வைத்தேன்.
அலுமாரி சரியாமல் இருக்கச் சுவரோடு அடிக்கப் பார்த்தோம்,
வீட்டுக்காரர் சுவரில் ஆணி கூடாது என்றார்,
அதனால் கயிறு.
ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் வயர்களுக்கு வேப்பெண்ணெய் பூசினேன்.
இரண்டு கிழமை தேத்தண்ணியும் கைத்தது.
ஆபத்து என்றால்
உயரம், கரண்ட், தண்ணி.
மெத்தென்று இருப்பதை யார் சந்தேகிப்பது?

கதிரையின் அடித்துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது.
உள்ளே இருட்டு, இளஞ்சூடு,
மேலே ஒரு மனிசனின் மூச்சு.

ஞாயிறு பின்னேரம்.
செய்தி முடிந்து நேசராசா பிடியைத் தள்ளினார்.
கால்பலகை மடங்கும் சத்தம் தினமும் கேட்பதுதான்.
அதற்குள் இன்னொரு சத்தம்.
அதை எழுத எழுத்து இல்லை என்னிடம்.

இழுங்கோ என்றேன் நான்.
இழுக்காதேங்கோ என்று கத்தினான் மகன்.
பலகை பாதியில் நின்றது.
பாரம் எங்கே அழுத்துகிறது என்று தெரியாமல்
நேசராசாவுக்கு எழும்பவும் பயம்,
இருக்கவும் பயம்.
இரண்டு கைகளிலும் ஊன்றி
அந்தரத்தில்,
வெட்டிய முழங்கால் நடுங்க நடுங்கப்
பன்னிரண்டு நிமிடம்.

மூன்றாம் மாடித் திலினி ஓடிவந்தாள்,
கையில் ஸ்பானர் செற்.
கராஜ்காரர் மகள்.
எங்களை ஒன்றும் கேட்கவில்லை.
வயிற்றால் கிடந்து
"பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று
கதிரைக்கா பூனைக்கா சொல்கிறாள் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே
நாலு நட்டில் மூன்றைக் கழற்றினாள்.
நாலாவது துரு.
அதற்குத் தேங்காயெண்ணெய்.

வந்த பிறகும் சதம் அழவில்லை.
நேசராசாதான்.

மிருக வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இந்தக் கால் பிழைக்காது.
பூனை பிழைக்கும்."

பிழைத்தது.
மாசி பிறக்கமுன் மகன் பெயரை மாற்றிவிட்டான்:
முக்கால்.
சதத்திலும் கணக்குச் சரி,
காலிலும் சரி என்று சிரித்தான்.
எனக்குச் சிரிக்க ஒரு மாதம் எடுத்தது.

கதிரையை விற்கவில்லை. யாருக்கு விற்பது,
அவர்கள் வீட்டிலும் ஏதாவது சின்னதாய் இருக்கும்.
நட்டுகளை இறுக்கிப் பிடியைக் கழற்றி எறிந்தோம்.
இப்போது அது சாய்வதில்லை.
அதில் முக்கால் மட்டும் படுக்கிறது,
நடுவில், நீட்டி நிமிர்ந்து, செய்தி நேரத்தில்.

பக்கத்தில் நேசராசா,
கீழே நிலம் முழுக்கத் தெரியும்
வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையில்.
அதையும்
மூன்று தரம் தட்டித்தான் இருக்கிறார்.